வீட்டை விட்டு யார் போவது?

வடக்கு லண்டனில் உள்ள பார்னெட் பகுதியின் உள்ளாட்சி மன்றம் 2002-இல் ஒரு புது வேலையைத் தொடங்கியது. அடித்துத் துன்புறுத்திய கணவன் வெளியேறிய பிறகும் அவன் திரும்பி வந்துவிடுவானோ என்று நடுங்கும் பெண்களின் வீட்டுப் பூட்டுகளை மாற்றிக் கொடுத்தது. ஜன்னல்களுக்குக் கூடுதல் தாழ்ப்பாள். கதவில் கடிதம் போடும் துவாரத்துக்கு நெருப்பு உள்ளே வராத மூடி. உள்ளறை ஒன்றுக்கு எளிதில் உடைக்க முடியாத கனமான கதவு. போலீஸ் வந்து சேரும்வரை தாயும் பிள்ளைகளும் அந்த அறைக்குள் பத்திரமாக இருக்கலாம். அந்தப் பெண் விரும்பினால் மட்டுமே இந்த ஏற்பாடு. பிறகு இங்கிலாந்தின் வேறு பல உள்ளாட்சி மன்றங்களும் இதைக் கையிலெடுத்தன.

பூட்டு சின்னப் பொருள்தான். ஆனால் அது ஒரு பழைய வழக்கத்தைத் தலைகீழாக்கியது. அடித்தவன் வீட்டிலேயே இருக்க, அடிபட்டவள்தான் மாற்றுப் புடவையைப் பையில் திணித்துக்கொண்டு, பிள்ளைகளோடு இரவு பஸ் பிடிக்க வேண்டும் என்பதே உலகெங்கும் நடைமுறை. பிள்ளையின் பள்ளிக்கூடம் போகிறது, அவளது வேலை போகிறது. பத்து நாளில் பிறந்த வீட்டிலும் பேச்சு மாறுகிறது: “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா.”

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான, 18 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை ஒருமுறையாவது அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில் இது 29 சதவீதம். உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி தேடியவர்கள் நாடு முழுவதும் 14 சதவீதமே. மீதிப் பேர் காவல் நிலையத்தின் படியை மிதித்ததில்லை. அவர்கள் இருக்கும் தெருவுக்கு மிக அருகில் உள்ள அரசாங்கம் ஊராட்சி மன்றம்தான்.

அந்த மன்றம் என்ன செய்துவிட முடியும்? திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆய்வாளர்கள் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தருகிறது. சொந்தமாக நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் நீண்டகால உடல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18 சதவீதம், வீடு மட்டும் உள்ளவர்களில் 10 சதவீதம், இரண்டும் உள்ளவர்களில் 7 சதவீதம். படிப்பு, வசதி போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்தத் தொடர்பு மறையவில்லை. போக ஓர் இடம் இருக்கிறவள் மேல் கை ஓங்குவதற்கு முன் ஒருவன் யோசிக்கிறான்.

வீடு என்பது ஊராட்சியின் கை படும் விஷயம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் ஊரகப் பிரிவில் வீட்டை மனைவி பெயரிலோ இருவர் பெயரிலுமோ ஒதுக்க வேண்டும் என்பது பொது விதி. பயனாளிகள் பட்டியல் ஊராட்சி வழியாகத்தான் வருகிறது. அந்த விதியை ஏட்டோடு விடாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் நடைமுறைப்படுத்தப்படுவதைப் பார்த்துக்கொள்வதே ஓர் ஊராட்சி செய்யக்கூடிய மிக உறுதியான தடுப்பு வேலை.

வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் சட்டம் அவளைத் தெருவில் விடவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. தேவைப்பட்டால் கணவனை வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அவள் உரிமை கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இன்னொன்றும் முக்கியம்: இந்தச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்ல அவளேதான் வர வேண்டுமென்பதில்லை. வார்டு உறுப்பினரோ பக்கத்து வீட்டுக்காரரோ நல்லெண்ணத்தோடு சொன்னால் போதும். அதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது.

கேரளம் ஊராட்சி வழியே உதவுவதை ஓர் அமைப்பாகவே வைத்திருக்கிறது. அங்கே ஊராட்சிதோறும் ‘ஜாக்ரதா சமிதி’ என்ற விழிப்புக் குழு உண்டு; வார்டு அளவிலும் உண்டு. ஊராட்சித் தலைவர் தலைமையில் அங்கன்வாடித் திட்ட மேற்பார்வையாளரும் போலீஸ்காரரும் வழக்கறிஞரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். எல்லா ஊரிலும் சமிதி ஒரே மாதிரி உயிரோடு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அடிபட்ட பெண் முதலில் ஏறவேண்டிய படி, அவளுக்குப் பழகிய ஊராட்சி அலுவலகத்தின் படியாக இருக்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசி, கணவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அவளை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் கட்டப்பஞ்சாயத்தை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அது அடுத்த அடிக்கு ஊரே அனுமதி கொடுப்பது போலாகும். ஊராட்சியின் வேலை தீர்ப்பு சொல்வதல்ல. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவள் கையில் கொடுப்பது, மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்குக் கூட்டிப்போக ஆள் அனுப்புவது, வழக்கு முடியும்வரை அவள் பெயர் ஊரக வேலைத் திட்டத்திலிருந்தோ ரேஷன் அட்டையிலிருந்தோ விடுபடாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் அதன் வேலை.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்க 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. கேள்வி கேட்க அந்தப் பதவிகூடத் தேவையில்லை. கிராம சபையில் குடிநீரும் தெருவிளக்கும் பேசப்படுகின்றன, வீட்டுப் பயனாளிகளின் பட்டியலும் வருகிறது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வீடும் யார் பெயரில் இருக்கிறது என்று எழுந்து கேட்க, அங்கே உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு.