காவிரியின் கூன்முதுகு மாசீர்

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் வாழும் கூன்முதுகு மாசீர், செம்மஞ்சள் துடுப்புகளையுடைய பெருங்கெண்டை. 1946 ஆம் ஆண்டில் கபினியாற்றில் ஒருவர் தூண்டிலிட்டுப் பிடித்த மாசீர் 120 பவுண்டு எடையுள்ளது. ஏறக்குறைய ஓர் ஆளின் எடையன்றோ அது!

அதன்பின் ஒரு வாழ்நாளுக்குள் ஆறு மாறிற்று. அணைகள் பெருகி நீரோட்டத்தைத் தடுத்தன. வெடிவைத்து மீன் கொல்வோரும் தோன்றினர். மீன்வளம் குன்றக் கண்டோர், வேற்றாற்று இனமாகிய நீலத்துடுப்பு மாசீரின் குஞ்சுகளை 1970களிலிருந்து காவிரியில் விட்டனர். பிடித்த மீனை எடை பார்த்து ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கமும் தூண்டிற்காரரிடையே பரவிற்று. 1998 முதல் 2012 வரை அவர்கள் எழுதிவைத்த கணக்கை ஆராய்ந்தபோது, புதிய இனம் பல்கியதும் பழைய இனம் அருகியதும் புலப்பட்டன. நன்மை கருதிய செயலே தீங்காயிற்று போலும்!

2018இல் கூன்முதுகு மாசீர் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. நீலகிரியின் அடிவாரத்து மோயாற்றில் அது இன்னும் வாழ்கிறது.