பத்தொன்பது வயதுச் சாமி

தன்னாமுனையில் மிஷனரி என்று சொன்னால் மனசில் வருவது வெள்ளை அங்கி போட்ட பாதர்தான். மட்டக்களப்பு நகரத்துக்கும் ஏறாவூருக்கும் நடுவில், வாவிக் கரையில், புனித சூசையப்பர் கோயிலோடு வளர்ந்த ஊர் இது. இந்தப் பக்கத்துச் சனம் முதலில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருமாரையும், பிறகு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்தவர்களையும் கண்டது. அவர்களில் ஒருவரான பாதர் வெபரின் பெயரில் மட்டக்களப்பில் மைதானமே இருக்கிறது.

அந்தப் பழக்கத்தில்தான், வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டியோடு சோடியாக நடக்கும் மொர்மன் பொடியன்களை எங்காவது கண்டால், 'சின்னச் சாமிமார், சபை சம்பளம் கொடுத்து அனுப்பியிருக்குது' என்று நினைத்துவிடுகிறோம். கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் பிழையான எண்ணம் இது. கொஞ்சம் ஆறுதலாக இருந்து இதைப் பார்ப்போம்.

நாம் மொர்மன் என்று அழைப்பவர்களின் சபைக்கு முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் யூட்டா மாநிலத்து சோல்ட் லேக் சிற்றியில். ஊர்ச் சபைகளில் சம்பளத்துக்கு வேலை செய்யும் குருமார் அங்கே இல்லை. ஒரு பிஷப் கிழமை நாளில் கடை நடத்துவார், அல்லது பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார். சில வருடம் சம்பளமில்லாமல் அந்தப் பொறுப்பைப் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் கொடுப்பார். மேய்ப்பரின் நிலையே அது என்றால், பெயர்ப்பட்டி குத்திய பொடியன் யார் என்று விளங்கும். பள்ளிக்கூடம் முடித்த, பதினெட்டு பத்தொன்பது வயதுச் சாதாரணப் பிள்ளை அவன். இரண்டு வருட மிஷன் முடிந்தால் வீட்டுக்குப் போய், படித்து, கலியாணம் கட்டி, வேலை பார்ப்பான். பெண் பிள்ளைகளும் போகிறார்கள். அவர்களுக்கு ஒன்றரை வருடம்.

சம்பளத்தின் கதை இன்னும் தலைகீழ். அவன்தான் காசு கட்டுகிறான். 2020 ஜூலை முதல் அமெரிக்கப் பிள்ளை ஒருவர் மாதம் 400 டொலர் கட்ட வேண்டும் என்பது கணக்கு. நம் வீடுகளில் பெண் பிள்ளை பிறந்ததும் நகைக்கென்று சீட்டுப் பிடிப்பதுபோல, அங்கே பல வீடுகளில் சின்ன வயதிலேயே மிஷனுக்கென்று உண்டியல் வைத்துவிடுகிறார்கள். தோக்கியோவுக்குப் போனாலும் மடகாஸ்கருக்குப் போனாலும் அதே 400தான். எல்லாம் ஒரே பொதுப்பையில் சேர்ந்து, அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்றபடி செலவுக்குத் திரும்பி வரும். எந்த நாடு என்பதையும் அவன் தெரிவு செய்வதில்லை. விண்ணப்பம் போடுவான், தலைமையகம் சொன்ன இடத்துக்குப் போவான். நமக்குப் பக்கத்தில், பெங்களூரில் 1993இலேயே ஒரு மிஷன் பிரிவு அமைந்தது. தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் அதற்குள் அடங்குவார்கள்.

போகுமுன் பயிற்சி உண்டு. வேற்று மொழி என்றால் ஆறு முதல் ஒன்பது கிழமை வரை. அதற்குள் தமிழ் போன்ற மொழி எவ்வளவு வரும் என்று நீங்களே யோசியுங்கள். ழகரத்துக்கே அது காணாது.

அவன் நாளைப் பார்ப்போம். காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். கொஞ்சம் உடற்பயிற்சி, குளிப்பு, சாப்பாடு, பிறகு வேதப் படிப்பும் மொழிப் படிப்பும். பத்து மணிபோல வெளியே இறங்கினால் இரவு ஒன்பது மட்டும் நடை, சைக்கிள், பஸ். நாட்டுக்கு நாடு நேரம் கொஞ்சம் மாறலாம். பத்தரைக்கு விளக்கு அணையும். எங்கே போனாலும் துணைவனின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்தத் துணைவனையும் அவன் தெரிவு செய்யவில்லை. சில கிழமைகளுக்கொருமுறை ஆளும் மாறலாம், ஊரும் மாறலாம். காதல் இல்லை, சினிமா இல்லை. வீட்டோடு போனில் பேச முன்பு வருடத்தில் இரண்டு நாள்தான்: நத்தார், அன்னையர் தினம். 2019 பெப்ரவரியிலிருந்துதான் கிழமைக்கொருமுறை பேச விட்டார்கள். உடுப்புத் தோய்க்கவும் சாமான் வாங்கவும் தலைமயிர் வெட்டவும் கிழமையில் ஒரு நாள் கிடைக்கும். மற்ற நாட்களில் பெரும்பகுதி 'வேண்டாம் தம்பி' என்ற பதிலைக் கேட்பதில்தான் போகும்.

நம் பாதர்மாரின் கணக்கு முழுக்க வேறு. இயேசு சபையில் குருப்பட்டம் பெறவே பத்து வருடம் போய்விடும். வாக்குக் கொடுத்தால் ஆயுள் முழுக்க. லூசியானாவில் பிறந்த பாதர் யூஜின் ஹெபர் 1948இல், இருபதுகளின் நடுவில், இலங்கைக்கு வந்தார். பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார், தொழில் படிப்பிக்கும் நிலையத்தை நடத்தினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, யுத்தத்தின் நடுவில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞனோடு காணாமல் போனார். தன்னாமுனையை ஊடறுத்துப் போகும் அதே றோட்டில்தான் அந்தப் பயணம். இருவரும் வந்து சேரவேயில்லை. நாற்பத்திரண்டு வருடம் இந்தப் பணியிலேயே இருந்தவரையும் இரண்டு வருடத்தில் நாலைந்து ஊர் மாறுகிறவனையும் ஒரே சொல்லால் அழைப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் குறுகிய காலத்தை இளக்காரமாக எண்ணவும் முடியாது. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, அடுத்த ஏப்ரலுக்குள் காலமாகிவிட்டார். இங்கே முழுதாக ஒரு வருடம்கூட இல்லை. இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814இல் வைத்துத்தான் எண்ணுகிறது. அவர் பள்ளிக்கூடம் திறந்தார். மொர்மன் பொடியனுக்கு முதல் வேலை பிரசங்கம்தான். என் பார்வையில், அந்த இரண்டு வருடம் போகிற ஊரை விடப் போகிற பிள்ளையைத்தான் அதிகம் மாற்றுகிறது.

எங்காவது அப்படி இரண்டு பேர் உங்கள் படலையைத் தட்டினால், அவர்கள் சமயத்தைக் கேட்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். வெயிலில் வந்த பிள்ளைகள், கதிரையைப் போட்டு இருத்துங்கள். தேத்தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டாம். தேயிலையும் கோப்பியும் அவர்கள் சபையில் விலக்கு. இளநீர் வெட்டிக் கொடுங்கள்.