மாயாவி கைமாறிய ஊர்

மின்சாரக் கம்பியைத் தொட்டதும் மனிதன் மறைந்துவிடுகிறான். அவனுடைய இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதந்து போகிறது. 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். மதுரை தாண்டி திண்டுக்கல்லுக்கு அது வந்து சேர அதிக நேரம் ஆகியிருக்காது. ஆனால், ஒரு பிரதி வந்த பிறகு அது போன தூரம் பெரிது.

காசு கொடுத்து வாங்குபவன் தெருவுக்கு ஒருவன் இருப்பான். அவன் படித்து முடிப்பதற்குள்ளேயே வரிசை தயாராகிவிடும். “அண்ணே, உங்களுக்கு அப்புறம் நான்தான்” என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லி வைக்காதவனுக்கு அடுத்த வாரம்தான். நாகல் நகரிலிருந்து பேகம்பூருக்கு, அங்கிருந்து பள்ளிக்கூடத்துப் பைக்குள், பிறகு யாருடைய அத்தை வீட்டுக்கோ சின்னாளபட்டிக்கு என்று ஒரு புத்தகம் சுற்றி வரும்போது அட்டை போயிருக்கும், கடைசிப் பக்கமும் போயிருக்கும். முடிவு கிழிந்துபோன கதையை வாங்கிப் படிப்பவனுக்கு, முன்பே படித்தவன் முடிவை வாயால் சொல்லியாக வேண்டும். அந்தத் தலைமுறைக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள், ஊர்ப்பெயர் மட்டும் மாறும். ஸ்விட்ச் போர்டைப் பார்த்து ‘தொட்டுப் பார்க்கலாமா’ என்று ஒரு நொடி யோசித்ததையும் தவறாமல் சொல்கிறார்கள்.

மாயாவியின் பூர்வீகம் இங்கிலாந்து. 1962இல் தொடங்கிய ‘வேலியண்ட்’ என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழிலேயே அவன் வந்துவிட்டான். ஆரம்பக் கதைகளை எழுதிய கென் பல்மர் முழுநேர அறிவியல் புனைகதை எழுத்தாளர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தபோது அதன் வழியாக ஆர்ச்சி வந்தது. கோட்டை வடிவிலான கால இயந்திரத்தில் ஏறிப் போகும் இயந்திர மனிதன் அது. கூடவே ஸ்பைடர் வந்தான். அவனுடைய கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். உலகத்து அறிவியல் புனைவின் முதல்தர கைகள் சில இப்படித்தான் நம் பையன்களின் கையில் வந்து விழுந்தன. எழுதியவர் பெயர் தெரியாமலேயே நம் ஆட்கள் அவர்களுக்கு ரசிகர்கள் ஆனார்கள். ஆர்ச்சி ‘சட்டித் தலையன்’ ஆனது, ஸ்பைடர் ‘கூர்மண்டையன்’ ஆனான். இந்தப் பட்டப்பெயர்கள் வாசகர் பேச்சில் புழங்கிப் புழங்கி நிலைத்தவை. புத்தகம் கைமாறிய இடமெல்லாம் பேச்சும் கைமாறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவரிடம் அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும் என்ற துடிப்பு எல்லா வாசகருக்கும் உண்டு. ஆனால், அறிவியல் புனைவும் மாயப் புனைவும் படிப்பவர்களுக்கு அது கூடுதல் தேவை. ஒரு குடும்பக் கதையைத் திறந்தால் சமையலறையும் மாமியாரும் நமக்குத் தெரிந்தவை. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலைத் திறந்தால் தண்ணீர் அரிதான ஒரு கோள், அதன் புழுக்கள், அரச குலங்கள், சடங்குகள் என்று ஒரு முழு உலகத்தையும் முதலிலிருந்து கற்றாக வேண்டும். முதல் ஐம்பது பக்கத்தில் பலர் மூடி வைத்துவிடுவார்கள். அந்த இடத்தை ஏற்கெனவே கடந்துபோன ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். “கொஞ்சம் பொறு, அந்தப் பாலைவனத்துக்குள்ள போனதும் தானா இழுத்துக்கும்” என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் பல புத்தகங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

உலகம் முழுவதும் இந்த ரசிகர் கூட்டம் உருவான விதமும் இப்படித்தான். 1926இல் அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களோடு எழுதியவரின் முழு முகவரியையும் அச்சிட்டார். அதைப் பார்த்து வாசகர்கள் ஒருவருக்கொருவர் நேராகவே எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். நான்கே ஆண்டுகளில், 1930இல், ரசிகர்கள் தாங்களே நடத்திய முதல் இதழ் வந்தது. 1939இல் நியூயார்க்கில் முதல் உலக மாநாடு கூடியது. நம் நாட்டில் கல்கத்தாவில் அத்ரீஷ் பர்தன் 1963இல் ‘ஆச்சர்ய’ என்ற அறிவியல் புனைவு இதழைத் தொடங்க, 1966இல் சத்யஜித் ராய் தலைமையில் அறிவியல் புனைவுத் திரைப்படக் கழகமே அங்கு அமைந்தது.

தமிழில் அப்படி ஒரு தனி இயக்கம் எழவில்லை. அந்த வேலையை வார இதழ்களும் கடிதப் பக்கங்களும் வாடகை நூலகங்களும் பங்கு போட்டுச் செய்தன.

அதற்கும் முன்னால் பார்த்தால், மாயக் கதைகளைக் கூட்டாகப் படிக்கும் பழக்கம் இந்தத் திண்டுக்கல் சமவெளிக்குப் புதிதே அல்ல. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் திண்ணையில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டவை. எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் போதும், தெரு முழுவதும் வேதாளத்தின் புதிருக்கு விடை தேடும். 1947இல் வந்த அம்புலிமாமா அதே வேதாளத்தை மாதாமாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தது. சங்கரின் ஓவியத்தில் தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமன், மூன்று தலைமுறையின் கண்ணில் பதிந்த உருவம். தொடராக ஒன்றைப் படித்துவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருக்கும் சுகத்தைத் தமிழுக்கு ஆரம்பத்திலேயே காட்டியவர்களில் ஒருவர் நம் வத்தலக்குண்டுக்காரர். பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. அதே வத்தலக்குண்டு தந்த சி.சு. செல்லப்பா, தான் வெளியிட்ட புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். ‘எழுத்து’ இதழ் நடத்திய செல்லப்பாவுக்கு மாயாவியைப் பிடித்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஒரு புத்தகத்தை நேராக ஒருவர் கையில் வைத்து ‘இதைப் படி’ என்று சொல்லும் அந்தப் பிடிவாதம் நம் மண்ணில் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், அவரைத்தான் காட்ட வேண்டும்.

இனி எழுத்தாளர் சுஜாதாவிடம் வருவோம். எண்பதுகளில் ஆனந்த விகடனில் அவருடைய ‘என் இனிய இயந்திரா’ தொடராக வந்தது. எதிர்கால இந்தியா, இரண்டெழுத்துப் பெயர்கள், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி, எல்லாவற்றுக்கும் மேலாக ஜீனோ என்ற இயந்திர நாய். வீட்டில் விகடனுக்கு முதல் உரிமை பெரியவர்களுக்கு. அவர்கள் படித்து முடித்ததும் தொடரின் பக்கங்களைப் பத்திரமாகப் பிரித்தெடுத்து, வாரவாரம் அடுக்கி, கடைசியில் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வைத்தார்கள். நடுநடுவே சினிமா விளம்பரமும் பாதி ஜோக்கும் தொங்கும் அந்தத் தொகுப்புகள், முறையாக அச்சான நூலைவிட அதிகம் பேரால் படிக்கப்பட்டிருக்கும் என்பது என் நம்பிக்கை. வாடகை நூலகங்களிலும் இப்படிப் பைண்டு செய்த தொடர்கள்தான் ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருந்தன.

சுஜாதா செய்த இன்னொரு பெரிய காரியம் கதைகளுக்கு வெளியே இருக்கிறது. கணையாழியின் கடைசிப் பக்கத்திலும், பின்னாளில் விகடனில் ‘கற்றதும் பெற்றதும்’ பகுதியிலும், அவர் தான் படித்துக்கொண்டிருப்பதை வாசகரோடு பகிர்ந்துகொண்டே இருந்தார். முன்பின் தெரியாத ஒரு கவிஞரின் கவிதை, ஓர் ஆங்கில நாவல், விஞ்ஞானக் கட்டுரை என்று எதுவாக இருந்தாலும் சில வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். முழு விமர்சனம் எழுதுவது வேறு வேலை. இது ரயிலில் எதிர் இருக்கைக்காரர் நம் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பது மாதிரி. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டுப் புத்தகக் கடைக்குப் போனவர்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள். 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறைந்தார். எழுதும் ஆட்கள் பலர் வந்துவிட்டார்கள். வாராவாரம் இப்படிக் கைகாட்டும் ஆள் அந்த அளவுக்கு வரவில்லை.

இப்போது நிலைமை என்ன? சோர்ந்துபோக ஒன்றுமில்லை. ஓய்ந்துவிட்டது என்று நினைத்த லயன்-முத்து காமிக்ஸ் 2012இல் ‘கம்பேக் ஸ்பெஷல்’ இதழோடு எழுந்து வந்தது. வைகிங் காலத்து மாயப் புனைவான ‘தோர்கல்’ இன்று தமிழில் கிடைக்கிறது. ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி அந்தக் காமிக்ஸ் வாசகர்கள் ஒன்றுகூடுகிறார்கள். நரைத்த தலைகள் பாதி, பிள்ளைகளோடு வருபவர்கள் மீதி. திண்டுக்கல்லிலிருந்து கரூர் வழியாக ரயில் ஏறினால் ஒரே பகலில் போய்வந்துவிடலாம். ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பு நம் மரபிலிருந்தே அறிவியல் புனைவை எழுத முடியும் என்று காட்டியது. தமிழ்மகனின் ‘ஆபரேஷன் நோவா’ விகடனில் தொடராக வந்து, எண்பதுகளின் அந்த வாராந்தரக் காத்திருப்பை இன்னொரு தலைமுறைக்குக் கொடுத்தது. 2018இல் தொடங்கிய ‘அரூ’ மின்னிதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தி, பெயர் தெரியாத புதியவர்கள் பலரை வெளியே கொண்டுவந்தது.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய இடைவெளி அப்படியே இருக்கிறது. அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’, உர்சுலா லெ குவினின் நாவல்கள், சீனாவின் லியூ சிசினின் ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’ ஆகியவற்றை நம் ஊரில் ஆங்கிலத்தில் படிப்பவர்கள் படிக்கிறார்கள். தமிழில் மட்டும் படிப்பவர்களுக்கு அவை பெரும்பாலும் எட்டுவது வேறொரு வழியில்: படித்தவர் வாயால் சொல்லும் கதையாக. ஷிஃப்ட் முடிந்து வேடசந்தூர் மில் பேருந்தில் வரும் ஒருவர், பக்கத்து இருக்கை நண்பருக்கு மூன்று சூரியன்கள் இருக்கும் கோளின் கதையை ஊர் வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டு வருவது சாத்தியமான, நடக்க வேண்டிய காரியம். “சூரியன் எப்ப உதிக்கும்னே தெரியாதா மாப்ள? அப்ப வெள்ளாமை?” என்று அந்த நண்பர் கேட்டால், அந்தக் கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டிருக்க மாட்டார். மழையை நம்பி இருக்கும் இந்தச் சமவெளியில் வளர்ந்தவருக்கு நிலையில்லாத வானம் முதலில் விவசாயமாகத்தான் தெரியும். கதை இங்கே வந்து நம்முடையதாகிவிடுகிறது.

சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், எங்கே நிற்கிறோம் என்று சொல்வது. ‘சூப்பர் புத்தகம், கண்டிப்பா படிங்க’ என்பதில் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘நூறாவது பக்கத்தில் இருக்கிறேன், இந்த இயந்திரம் பொய் சொல்கிறதா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை’ என்று சொன்னால் அவருக்கும் அந்த இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும். பாதியில் விட்ட புத்தகத்தையும் சொல்ல வேண்டும், ஏன் விட்டோம் என்று சேர்த்து. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்ட கதைகள் ஏராளம். வாட்ஸ்அப் நிலைத்தகவலில் அட்டைப்படத்தையும் காபி டம்ளரையும் சேர்த்துப் படம் போடுவதைப் பகிர்வு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது தகவல். புத்தகத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது அதில் இருந்தால்தான் பேச்சு தொடங்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பை நூறு பேருக்கு அனுப்புவதும் ஒரு பிரதியை நண்பருக்குக் கொடுப்பதும் ஒன்றே அல்ல. அச்சிட்ட பிரதி விற்றால்தான் சிவகாசியிலோ சென்னையிலோ அந்தச் சின்னப் பதிப்பாளர் அடுத்த மொழிபெயர்ப்புக்கு உரிமை வாங்க முடியும். கொடுத்த புத்தகம் திரும்பி வராமல் போகலாம். அந்த இழப்பு நமக்கு மட்டுமே. கோப்பாக அனுப்பினால் இழப்பு நாளைய வாசகனுக்கும் சேர்த்து.

கைமாற்றுவதற்கு ஏற்பாடு செய்யப்பட்ட இடம் ஒன்று ஊரில் இருக்கவே செய்கிறது. சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் நம் பணத்தில் நடப்பவை. அறிவியல் புனைவும் மாயப் புனைவும் அலமாரியில் குறைவாக இருந்தால் கேட்கும் வாசகர் குறைவு என்றே நூலகம் எடுத்துக்கொள்ளும். இதே மாவட்டத்தில் கொடைக்கானல் மலைமேல் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இன்றும் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் விதத்தை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். அப்படிப்பட்ட மாவட்டத்து நூலகத்தில் விண்வெளிக் கதைகளுக்கு ஒரு முழு அடுக்கு இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படி ஆசை ஆகாது.

ஆகவே, இந்த வாரம் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அறிவியல் புனைவோ மாயக் கதையோ எதுவானாலும் அதன் பெயரையும் பதிப்பகத்தையும் ஒரு தாளில் எழுதி உங்கள் கிளை நூலகரிடம் கொடுங்கள். உங்களுக்கு அப்புறம் அதைப் படிக்கப் போகிறவர் யார் என்று இன்றே முடிவு செய்து, அவரிடம் சொல்லியும் வையுங்கள். அடுத்த திண்டுக்கல் புத்தகத் திருவிழாவுக்குத் தனியாகப் போகாதீர்கள், அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.