எங்கள் மகள் விட்டுச்சென்ற பணி

இம்மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில் கணவன் மனைவி இருவர் அமர்ந்திருப்பதை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். அவர்கள் நாங்கள்தாம். எங்கள் பிள்ளை இப்போது உள்ளே இல்லை. பிறகு எதற்காக வருகிறீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதனை இம்மடலில் எழுதித் தருமாறு செவிலியர் கண்காணிப்பாளரும் கேட்டுக்கொண்டார். ஆகவே எழுதுகிறோம்.

எங்கள் மகள் 28 வாரங்களில், 980 கிராம் எடையுடன் பிறந்தாள். 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்பவரைக் குறைமாதக் குழந்தைகள் என்பர். அவள் அந்த எல்லைக்கும் ஒன்பது வாரங்கள் முந்திவிட்டாள். நுரையீரல் விரிவதற்கு மருந்து கொடுத்தார்கள். மூக்கின் வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 மில்லி தாய்ப்பால் மெல்லிய குழாய் வழியே அவள் வயிற்றுக்குச் சென்றது. அவள் கிடந்த பெட்டியின் அட்டையில் தாயின் பெயரும், அதனை அடுத்துக் 'குழந்தை' என்னும் சொல்லும் மட்டுமே இருந்தன. வீட்டுக்கு அழைத்துச் சென்ற பின் பெயர் சூட்டலாம் என்று காத்திருந்தோம். 17ஆம் நாள், குருதியில் பரவிய தொற்றினால் அவள் இறந்தாள்.

சடங்கு இல்லாத துயரம்

வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதினாறாம் நாள் கருமாதி உண்டு. படத்துக்கு மாலை உண்டு. ஆண்டுதோறும் திதி உண்டு. பச்சிளங்குழந்தைக்கு எங்கள் வழக்கத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மண்ணில் புதைத்துவிட்டு அன்று மாலையே வீடு திரும்பினோம். "மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டே இன்னொன்று பிறக்கும்" என்றனர் உறவினர். அன்பினால்தான் சொன்னார்கள். அவர்கள் அவளைப் பார்த்ததில்லை. ஊசி போடச் செவிலியர் அருகில் வந்தால் புருவத்தைச் சுருக்குவாள் என்பதும், இடக்கையை எப்போதும் கன்னத்தில் வைத்துக்கொள்வாள் என்பதும் எங்களுக்குத்தான் தெரியும்.

பிள்ளை போன பின்னும் பால் சுரப்பது நிற்கவில்லை. பால் வற்றுவதற்கு மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாச்சி பூ வாங்கி வந்திருந்தார். அந்நேரத்தில் மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். மகளுக்கெனப் பீய்ச்சிக் கொடுத்ததில் எஞ்சிய பால் இன்னும் உறைநிலையில் இருக்கிறது என்றார். "தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாம், வேண்டாமென்றாலும் தவறில்லை. முடிவு உங்களுடையது. இப்போதே சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

இரண்டு நாட்கள் எங்களால் முடிவு செய்ய இயலவில்லை. எங்களுள் ஒருவர் கொடுத்துவிடலாம் என்றார். மற்றவருக்கோ, அவளுக்கென்று சேர்த்தது அவளோடு போகட்டும் என்னும் எண்ணம். இறுதியில் அம்மாச்சிதான் பேசினார். தாய்ப்பாலைக் கால்படும் இடத்தில் கொட்டக் கூடாது என்பது அவர் காலத்து வழக்கம். "மண்ணில் கொட்டக் கூடாத பாலை ஒரு பிள்ளையின் வாயில் ஊற்றினால் என்ன குறைந்துவிடும்?" என்றார். மறுநாள் காலை இருவரும் கையொப்பமிட்டோம்.

தாய்ப்பால் வங்கி குறித்து அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989ஆம் ஆண்டிலேயே மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது என்பதைப் பின்னரே அறிந்தோம். கொடுக்கும் தாய்க்குத் தொற்றுநோய் உண்டா என்று குருதிப் பரிசோதனை செய்கிறார்கள். பாலை 62.5 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கி, விரைவாகக் குளிர்வித்து, கிருமி இல்லை என உறுதிசெய்த பின் உறைநிலையில் வைக்கிறார்கள். தாயிடம் போதிய பால் இல்லாத, எடை மிகக் குறைந்த குழந்தைகளுக்கே அதில் முன்னுரிமை. இதற்குப் பணம் வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. நாங்கள் கொடுத்தது ஏறத்தாழ 900 மில்லி. எங்கள் மகளைப் போல் வேளைக்கு 1 மில்லி உண்ணும் பிள்ளைக்கு அது 900 வேளை உணவு.

மீண்டும் அந்தத் தாழ்வாரத்தில்

அவளுடைய முதல் பிறந்தநாள் வந்தது. வீட்டில் அந்நாளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இருபது துணிப்பைகளை எடுத்துக்கொண்டு இங்கு வந்தோம். ஒவ்வொரு பையிலும் ஒரு குறிப்பேடு, ஒரு பேனா, ஒரு எவர்சில்வர் தம்ளர், குழந்தைக்கு ஒரு பருத்தித் தொப்பி, தாய்க்கு முன்புறம் பொத்தான் வைத்த ஒரு மேலாடை. எவையெல்லாம் இல்லாமல் நாங்கள் தவித்தோமோ அவற்றையே வைத்தோம். குறிப்பேடு தான் முதன்மையானது. அன்றாட எடை, உண்ட பாலின் அளவு, மருத்துவரிடம் கேட்க வேண்டியவை ஆகியவற்றை எழுதி வையுங்கள் என்போம். அச்சம் மிகுந்த வேளையில் கேட்டது எதுவும் நினைவில் நிற்பதில்லை.

தந்தையரிடம் ஒன்றைத் தவறாமல் சொல்கிறோம். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாத நிலையில், எட்கார் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். அதுவே இன்று கங்காரு பராமரிப்பு எனப்படுகிறது. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அவ்வாறு அணைத்து வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தந்தையும் அதைச் செய்யலாம். எங்களுள் தந்தையானவருக்குப் பிறர் முன்னிலையில் சட்டையைக் கழற்றக் கூச்சம். செவிலியர் இருமுறை அழைத்தும், நாளை பார்க்கலாம் என்று ஒதுங்கினார். 12ஆம் நாள்தான் அமர்ந்தார், 40 நிமிடங்கள். அதன் பின் அவள் உடல்நிலை அதற்கு இடங்கொடுக்கவில்லை. மகளை அவர் மார்பில் ஏந்தியது அந்த ஒரே முறைதான். மருத்துவர் இசைவு தந்த நாளிலேயே அமர்ந்துவிடுங்கள் என்று இன்று அவர் ஒவ்வொரு தந்தையிடமும் சொல்கிறார்.

நாங்கள் சொல்லாதவையும் உண்டு. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்வதில்லை. அது எங்களுக்குத் தெரியாது. எங்கள் கதையை நாங்களாகத் தொடங்குவதுமில்லை. ஆனால் கேட்டால் மறைப்பதில்லை. சென்ற ஆண்டு ஓர் இளம் தாய், "அக்கா, உங்கள் பிள்ளையும் இங்கேதான் இருந்ததா? இப்போது எத்தனை வயது?" என்று கேட்டார். "17 நாட்களில் போய்விட்டாள் அம்மா" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. அவரை அச்சுறுத்திவிட்டோமோ என்று வருந்தினோம். பின்னர் மெல்லக் கேட்டார்: "எத்தனை கிராம் இருந்தாள்?"

980 என்றோம். தம் பிள்ளை 1,040 என்றார் அவர். இத்தாழ்வாரத்தில் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொள்வது இவ்வாறுதான். எங்கள் மகளும் பிறந்தவள், எடை போடப்பட்டவள், பால் குடித்தவள் என்று எண்ணி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அக்குழந்தை நலமடைந்து வீடு சென்ற நாளில், அவர்களுடைய பையை வாயில் வரை நாங்கள் சுமந்து சென்றோம். மகிழ்ந்தோம், வீடு திரும்பும் வழியில் அழவும் செய்தோம்.

உங்கள் பிள்ளை இப்பிரிவில் இருந்தால், முதல் சனிக்கிழமையன்று எங்கள் அருகில் வந்து அமருங்கள். பேச வேண்டுமென்பதில்லை. உங்கள் பிள்ளையை இழந்தவராயின், பால் கொடுக்க வேண்டும் என்றோ இங்கு வர வேண்டும் என்றோ எவரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். பால் வற்றுவதற்கு உதவி வேண்டுமெனினும் செவிலியரிடம் சொல்லுங்கள். திடீரென நிறுத்தாமல் சிறிது சிறிதாகக் குறைக்கும் முறையைச் சொல்லித் தருவார்கள். எங்களுக்கு இப்பணி ஆறுதலாயிற்று. உங்களுக்கு வேறொன்று ஆகலாம்.

எங்கள் மகளுக்குப் பின்னர் ஒரு பெயர் சூட்டினோம். அதனை நாங்கள் இருவர் மட்டுமே அறிவோம். துணிப்பை ஒவ்வொன்றின் உட்புறத்திலும் அப்பெயரின் முதலெழுத்தைச் சிவப்பு நூலால் தைத்துத் தருகிறோம்.