இணைய விளையாட்டும் நடுவுநிலைமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களில் மாலைப்பொழுதிற் கிளித்தட்டு ஆடுதல் நெடுங்கால வழக்கம். அறுவடை முடிந்த வயலிலும் கோயில் வீதியிலும் கோடு கீறி, ஒரு கட்சியார் கோடுகளைக் காத்து நிற்க, மறுகட்சியார் அவர் கைபடாது தட்டுக்களைக் கடந்து செல்வர். இவ்விளையாட்டில் ஓயாது எழும் வழக்கு ஒன்றுண்டு. கை தொட்டது முந்தியதோ, கால் கோட்டைக் கடந்தது முந்தியதோ என்பதே அது. காத்து நின்றவன் தொட்டேன் என்பான். கடந்தவன் தப்பினேன் என்பான். எனினும் இருவரும் ஒரே மண்ணில் ஒரே பொழுதில் நின்றவர். நிகழ்ந்ததைக் கண்டவரும் அருகே உளர். ஆகலின் வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். விதி பொருந்தவில்லையெனின் அதனை மாற்றும் உரிமையும் ஆடுவோரிடமே இருந்தது.

இன்று அதே வழக்குக் கைத்தொலைபேசியின் திரையில் எழுகின்றது. ஆனால் ஆடுவோர் வெவ்வேறு நாட்டினர். ஒருவர் முகத்தை ஒருவர் அறியார். தீர்ப்பளிப்பதோ கடல்கடந்த ஊரிலுள்ள ஒரு கணினி. புதிய இணைய விளையாட்டு ஒன்று வெளிவந்த சில நாள்களுக்குள்ளேயே அதனை ஆடுவோரிடையே பெரும் வாதம் மூளுதல் இயல்பாகிவிட்டது. அவ்வாதங்களை வீண்பேச்செனத் தள்ளுதல் பொருந்தாது. அவற்றுள் நீதி பற்றிய வினாவொன்று பொதிந்து கிடக்கின்றது.

ஆடுவோர் கூறும் குறைகள் இருவகைப்படும். விளையாட்டின் விதிகளும் படைக்கலன்களும் களமும் வகுக்கப்பட்ட முறை பற்றியவை அமைப்புக் குறைகள். வகுத்தபடி அது தடையின்றி இயங்காமை பற்றியவை இயக்கக் குறைகள். இவ்விரண்டையும் பிரித்தறியாது வாதிடுவோர் பிழையொன்றிருக்க வேறொன்றைச் சாடுவர்.

அமைப்புக் குறைக்கு அண்டை நாடாகிய இந்தியாவில் நிகழ்ந்த ஒன்று தக்க எடுத்துக்காட்டாகும். 2020 செப்டெம்பர் 2 ஆம் நாள் இந்திய அரசு பப்ஜி என்னும் விளையாட்டைத் தடைசெய்தது. பலர் ஒருங்கே களமிறங்கி இறுதிவரை எஞ்சுபவரே வெல்லும் விளையாட்டு அது. இரண்டொரு நாளில், பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் கம்பனியின் ஃபௌ-ஜி என்னும் உள்நாட்டு விளையாட்டுப் பற்றிய அறிவித்தல் வந்தது. 2021 சனவரி 26, குடியரசு நாளன்று அது வெளியாயிற்று. இழந்த விளையாட்டுக்கு ஈடானதொன்றையே ஆடுவோர் எதிர்பார்த்திருந்தனர். கிடைத்ததோ, கல்வான் பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்டு, துப்பாக்கியின்றிக் கையாலும் தடியாலும் பொருதும் தனியாள் விளையாட்டு. நண்பரோடு சேர்ந்தாடும் வகை தொடக்கத்தில் இல்லை. ஒரே வகையான மோதல் திரும்பத் திரும்ப வருகின்றதென்று பலர் குறைகூறினர். அவர்கள் அளித்த மதிப்பெண்ணும் சில நாள்களுக்குள் சரிந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியிற் குழுவாகப் பொருதும் முறை சோதனை வடிவிற் சேர்க்கப்பட்டது. நாட்டுப்பற்று ஒரு விளையாட்டை வாங்கச் செய்யும். மீண்டும் மீண்டும் ஆடச் செய்வது அதன் அமைப்பேயாம் என்பது இதனாற் புலனாகும்.

இனி, இயக்கக் குறை. இதன் காரணங்கள் மூன்றிடத்தில் உள்ளன: ஆடுவோன் கையிலுள்ள கருவி, செய்தி செல்லும் வழி, தீர்ப்பளிக்கும் சேவையகம்.

கருவி திரையில் ஒரு செக்கனுக்கு 60 படங்களை வரையுமாயின் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 17 மில்லிசெக்கன். 30 படங்களே வரையும் விலைகுறைந்த கருவியில் அது 33 மில்லிசெக்கனாகும். நெடுநேரம் ஆடிக் கருவி சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே தொடக்கத்தில் நன்கு இயங்கிய விளையாட்டு அரைமணி கழித்துத் தடுமாறுமாயின், பழி இணைய இணைப்பின்மேல் அன்று, கருவியின் வெப்பத்தின்மேற் சார்தலும் கூடும்.

வழியால் விளையும் தாமதத்தைப் பாடசாலைப் பௌதிகங்கொண்டே கணிக்கலாம். ஒளி வெற்றிடத்தில் ஒரு செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கண்ணாடியின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.5 ஆதலின், கண்ணாடி நாரினுள் அதன் வேகம் 2 இலட்சம் கிலோமீற்றராகக் குறையும். சேவையகம் சிங்கப்பூரில் உள்ளதெனக் கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். அங்கிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். போய்வர 6,000 கிலோமீற்றர். ஆகவே எத்துணைச் சிறந்த இணைப்பாயினும் 30 மில்லிசெக்கனிற் குறையாத தாமதம் உண்டு. வடங்கள் நேர்கோட்டிற் செல்வதில்லை. இடையிலுள்ள கருவிகளும் நேரங்கொள்ளும். ஆகலின் உண்மைத் தாமதம் இதனினும் மிகும். சிங்கப்பூரில் இருந்தே ஆடுபவனுக்கோ இத்தொலைவுத் தாமதம் இல்லையென்றே கூறலாம்.

குடாநாட்டுக்கு இதில் தனித்ததோர் இடர்ப்பாடும் உண்டு. இலங்கையை உலகோடு இணைக்கும் கடலடி வடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய தென்பகுதி இடங்களிலேயே கரையேறுகின்றன. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கரை அண்மையில் இருந்தபோதிலும், பருத்தித்துறையிலிருந்து சென்னைக்குச் செல்லும் செய்தி முதலிற் தெற்கு நோக்கிச் சென்று, பின்னரே கடல் கடக்க நேர்கின்றது. நிலப்படத்தில் அண்மையானது வடத்தின் வழியில் அண்மையானதன்று. தாமதத்தின் அளவினும் அதன் ஏற்றவிறக்கமே ஆடுவோரைப் பெரிதும் வருத்தும். 60 மில்லிசெக்கன் எப்போதும் நிலைத்திருப்பின் கை அதற்குப் பழகிக்கொள்ளும். 40 ஆகவும் 200 ஆகவும் மாறிமாறி வருமாயின் எப்பயிற்சியும் உதவாது.

மூன்றாவது சேவையகம். அது நிகழ்வுகளை இடையறாது நோக்குவதில்லை. ஒரு செக்கனுக்கு இத்தனை முறை என்று கணக்கிட்டே நோக்கும். 64 முறை நோக்குமாயின் இடைவெளி 15.6 மில்லிசெக்கன், 128 முறையாயின் 7.8. அன்றியும், தொலைவிலுள்ளவனுக்குத் தீங்கு நேராதிருக்க, சுட்டவன் சுட்ட கணத்தில் அவன் திரையில் எதிரி எங்கு நின்றானோ அந்நிலைக்குக் காலத்தைப் பின்னோக்கிச் செலுத்திப் பார்த்தே சேவையகம் தீர்ப்பளிக்கும். இதனாற் சுட்டவனுக்கு நீதி கிடைக்கின்றது. ஆனால் அதற்குள் சுவரின் பின்னே ஒளிந்துகொண்டவன், தான் தப்பிய பின்னரும் அடிபட்டதாகக் காண்கின்றான். இருவர் கண்டதும் அவரவர் திரையில் உண்மையே. 2023 செப்டெம்பர் 27 இல் வால்வ் கம்பனியின் கவுன்ரர் ஸ்ரைக் 2 வெளிவந்தபோது, இரு நோக்குகளுக்கு இடைப்பட்ட கணத்தையும் சேவையகம் கணக்கிற்கொள்ளும் என்று கூறப்பட்டது. அவ்வாறிருந்தும், சுவரின் பின் சென்ற பிறகு வீழ்ந்தோம் என்னும் முறையீடு ஓயவில்லை. கிளித்தட்டின் பழைய வழக்கே இது. இங்கு ஒருவனுக்கு நீதி செய்யுமிடத்து மற்றவனுக்குச் சிறிது குறை நேர்தல் தவிர்க்கவொண்ணாதது.

இத்தகைய குறை பொழுதுபோக்கோடு நின்றுவிடாது ஒரு நாட்டின் வெற்றி தோல்வியையே தீர்மானித்ததும் உண்டு. 2020 ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் காரணமாகச் சதுரங்க ஒலிம்பியாட் முதன்முறையாக இணையத்தில் நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இந்திய அணியில் இருந்தனர். ஓகஸ்ற் 28 ஆம் நாள் காலிறுதியில், இந்திய வீரர் நிகால் சரினோடு ஆடிய ஆர்மீனிய வீரரின் இணைப்பு அறுந்து, அவர் நேரமிழந்து தோற்றார். ஆர்மீனியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. அவ்வணி போட்டியினின்றும் விலகியது. இரு நாள் கழித்து, 30 ஆம் நாள், ரஷ்யாவுடனான இறுதிப்போட்டியில் அதே நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் உலகளாவிய இணையத் தடையால் இணைப்பிழந்து நேரத்தில் தோற்றனர். இந்தியா முறையிட்டது, உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் தலைவர் இரு அணிகளுக்கும் தங்கப்பதக்கம் அளித்தார்.

இத்தீர்ப்பைப் போற்றியோரும் உளர், வெறுத்தோரும் உளர். முன்னையது ஒரு வீரரின் இணைப்பிலே நேர்ந்த தடை, பின்னையது பல நாடுகளையும் தாக்கிய தடை எனப் பிரித்துரைத்தல் இயலும். ஆயினும் தன் பிழையின்றித் தோற்ற வீரனின் உள்ளத்துக்கு அவ்வேறுபாடு ஆறுதல் தருமோ? தடை நேருமிடத்து யாது செய்தல் வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்குமுன்னரே ஐயத்துக்கிடமின்றி வகுத்துக்கொள்ளல் வேண்டும். அவ்வாறு வகுக்காதவிடத்து, தீர்ப்பு எத்துணை நல்லெண்ணத்தோடு அளிக்கப்படினும் ஒருசாரார் மனம் நோதல் உறுதி.

இவற்றை மாணாக்கர் அறிந்துகொள்வதாற் பயன் என்னை? தோற்ற சிறுவன் ஒருவன் தன் திறமையில் நம்பிக்கையிழந்து விடுகின்றான். மற்றொருவன் எதிரியை வஞ்சகன் என்று தூற்றுகின்றான். உண்மைக் காரணம் இவ்விரண்டுமன்றி, மூவாயிரம் கிலோமீற்றர்க் கண்ணாடி நாராய் இருத்தல் கூடும். மறுதலையாக, தன் கைப்பிழையை மறைக்க ஒவ்வொரு தோல்விக்கும் இணைப்பைப் பழிப்பவனும் உளன். தாமதத்தை அளக்கலாம், கருவியை மாற்றிப் பார்க்கலாம், வேறு நேரத்தில் ஆடிக் குறை மீளவும் தோன்றுகின்றதா என்று ஆராயலாம். அங்ஙனம் ஆராய்ந்து, எந்தக் கருவியில், எத்துணைத் தாமதத்தில், எந்நிலையிற் குறை நேர்ந்தது என்று எழுதுபவனின் முறையீட்டையே விளையாட்டை ஆக்கியோர் பயன்படுத்தவியலும். வசைமொழி எழுதுபவன் தன் சினத்தைத் தவிர வேறொன்றையும் அவர்க்கு அறிவித்தானல்லன்.

கோடு கீறும் கோல் ஆடுவோர் கையைவிட்டுக் கம்பனிகளின் கைக்குச் சென்றுவிட்டது. அவரிடம் எஞ்சியிருப்பது முறையிடும் உரிமை ஒன்றே. அவ்வுரிமைக்கு வலிமை தருவன சான்றும் அளவும் நடுவுநிலை பிறழா உள்ளமுமாம். தனக்குச் சார்பாய் அமைந்த பிழையையும் பிழையென்று ஒப்புபவன் கூறுங்காற் பிறர் செவிசாய்ப்பர். இப்பண்பை இளைஞர் விளையாட்டிடத்தே பழகிக்கொள்வராயின், அது விளையாட்டோடு நில்லாது.