லோபனோவ்ஸ்கி: ஆட்டக்காரரும் ஆசிரியரும்

ஒரு துறையிற் சிறந்தோர் அத்துறையிற் பிறரைச் சிறப்பித்தல் எல்லார்க்கும் கைகூடுவதன்று. கைகூடிய சிலருள்ளும், தமது பழைய பெருமையையே ஒதுக்கிவைத்து ஆசிரியரானோர் மிகச் சிலர். உக்ரேன் நாட்டுக் கால்பந்து வீரர் வாலேரி லோபனோவ்ஸ்கி அத்தகையோருள் ஒருவர்.

இவர் 1939-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் கீவ் நகரிற் பிறந்தார். டைனமோ கீவ் சங்கத்தில் இடப்புற முன்னணி வீரராய் விளங்கினார். மைதானத்தின் மூலையினின்று இவர் உதைக்கும் பந்து காற்றில் வளைந்து நேரே இலக்கினுள் வீழ்தலைக் கண்டோர் வியந்தனர். 1961-ல் அச்சங்கம் சோவியத் நாட்டு வெற்றிப் பட்டத்தைப் பெற்றது. மாஸ்கோவிற்குப் புறம்பான சங்கமொன்று அப்பட்டத்தை எய்தியது அதுவே முதன்முறை.

1964-ல் விக்டர் மாஸ்லோவ் பயிற்சியாளராய் வந்தார். அனைவரும் ஒருங்கே முனைந்து எதிரியிடமிருந்து பந்தை மீட்டல் வேண்டுமென்பது அவர்தம் கொள்கை. தனித்திறமையே தமக்கு அழகெனக் கொண்டிருந்த லோபனோவ்ஸ்கிக்கு அங்கே இடமில்லாது போயிற்று. ஒடெஸாவிலும் டொனெட்ஸ்கிலும் சில காலம் ஆடியபின், முப்பது வயது நிரம்புமுன்னரே அவர் ஆட்டத்தைத் துறந்தார்.

பின்னர்த் தினிப்ரோ சங்கத்தைப் பயிற்றி முதற் பிரிவிற்கு உயர்த்தினார். 1973-ல் டைனமோவிற்கே திரும்பினார். எக்கொள்கை தம்மை வெளியேற்றிற்றோ, அக்கொள்கையையே இப்பொழுது அவர் போதிக்கலானார்! பொறியியல் கற்றவராதலின், ஆட்டத்தை இரு தொகுதிகளின் போராகவே கண்டார். தொகுதியின் வன்மை உறுப்புக்களின் வன்மையைக் கூட்டிய தொகையன்று. அவற்றின் இணக்கத்தினின்று பிறப்பது என்பது அவர் கருத்து. அனடோலி ஸெலென்த்ஸோவ் என்னும் விஞ்ஞானியின் துணையோடு, ஒவ்வொரு வீரரின் செயலையும் பிழையையும் கணக்கிட்டு ஆராய்ந்தார்.

இதன் பயனாக, 1975-லும் 1986-லும் டைனமோ ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையைக் கைக்கொண்டது. எனினும் கடுமை எல்லை கடந்தவிடத்துத் தீங்கும் விளைந்தது. 1976-ல் பயிற்சியின் பளுவைத் தாங்காத வீரர்கள் அவரை எதிர்த்தெழுந்தனர். 1988-ல் அவர் நடத்திய சோவியத் அணி ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ஹாலந்திடம் தோற்றது.

அரபு நாடுகளிற் சில ஆண்டு பயிற்றிய பின், 1997-ல் மீண்டும் கீவ் வந்தார். அவ்வாண்டே அவரது அணி பார்ஸிலோனாவை அதன் சொந்த மைதானத்தில் 4-0 என வென்றது. 2002 மே 7-ஆம் நாள், ஆட்டமொன்றின் நடுவே நோயுற்றார். 13-ஆம் நாள் உயிர் நீத்தார். மறு ஆண்டு, அவர்தம் மாணவர் ஷெவ்சென்கோ இத்தாலியச் சங்கமொன்றில் ஆடி ஐரோப்பிய வாகை சூடியபொழுது, பெற்ற பதக்கத்தை ஆசிரியரின் கல்லறைக்குக் கொணர்ந்தார்.

ஒழுங்கு தனித்திறமையைக் கொன்றுவிடாதோ என ஐயுறுவோர் உளர். பிளோகின் (1975), பெலானோவ் (1986), ஷெவ்சென்கோ (2004) என்னும் அவர்தம் மாணாக்கர் மூவரும் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரர்க்குரிய தங்கப்பந்துப் பரிசைப் பெற்றனர். பிறரோடு இணையக் கற்ற திறமை குன்றுவதின்று. வளர்வதே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?