மீண்டும் பறந்த விண்வெளி ஓடம்

ஒருமுறை ஏவிய ராக்கெட் மறுமுறைக்கு உதவாது என்பதே வெகுகாலம் விண்வெளிப் பயணத்தின் விதியாக இருந்தது. 1969-ல் சந்திரனுக்குச் சென்ற அப்போலோ-11, ராக்கெட்டோடு சேர்த்து 363 அடி உயரம். பூமிக்குத் திரும்பியதோ மூவர் அமர்ந்திருந்த சிறு கூண்டு மட்டுமே. அதுவும் கண்காட்சிக்குத்தான் போயிற்று.

இந்தச் செலவைக் குறைக்க அமெரிக்காவின் 'நாசா' கண்ட வழிதான் விண்வெளி ஓடம். ராக்கெட்டைப் போல் எழும்பும். விமானத்தைப் போல் ஓடுபாதையில் இறங்கும். 1981 ஏப்ரல் 12-ல் ஜான் யங், ராபர்ட் கிரிப்பென் இருவருடன் 'கொலம்பியா' கிளம்பியது. இரண்டு நாள் கழித்துக் கலிபோர்னியாவில் பத்திரமாக இறங்கியது. நவம்பரில் அதே ஓடம் மறுபடியும் பறந்தது. மனிதரை ஏற்றிச் சென்று திரும்பிய கலம் ஒன்று மீண்டும் பூமியை வலம் வந்தது அதுவே முதல் தடவை.

ஓடுகளின் தொல்லை

வாரம் ஒரு பயணம் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் 1985-ல் நடந்த 9 பயணங்களே ஓராண்டின் உச்சம். காரணம் என்ன? காற்று மண்டலத்தில் நுழையும்போது உண்டாகும் அனலைத் தாங்க, கொலம்பியாவின் உடலில் சுமார் 30 ஆயிரம் ஓடுகள் ஒட்டப்பட்டிருந்தன. பயணம் முடிந்ததும் அவற்றைச் சோதிக்க வேண்டும்; எஞ்சின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரிய எரிபொருள் தொட்டியோ ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்த பணம் பராமரிப்பில் கரைந்தது.

பதினான்கு உயிர்கள்

1986 ஜனவரி 28-ல் 'சாலஞ்சர்' கிளம்பிய 73 விநாடியில் சிதறியது. பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனதே காரணம். குளிரில் ஏவ வேண்டாமென்று முதல்நாள் இரவே பொறியாளர்கள் எச்சரித்தும் பயனில்லை.

2003 பிப்ரவரி 1-ல் கொலம்பியாவும் அழிந்தது. புறப்படும்போது தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையை உடைத்திருந்தது. 16 நாள் கழித்துத் திரும்புகையில் அந்த ஓட்டை வழியே அனல் புகுந்தது. மாண்ட எழுவரில் அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். நுரை பெயர்வது அதற்கு முந்திய பயணங்களிலும் கண்டதுதான். அப்போதெல்லாம் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

2011 ஜூலையில், 135-வது பயணத்தோடு ஓடங்கள் ஓய்வு பெற்றன. சோவியத் நாட்டின் 'புரான்' 1988-ல் ஆளில்லாமல் ஒரே ஒருமுறை பறந்ததோடு சரி. 2020 முதல் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் 'டிராகன்' கலம் வீரர்களை ஏற்றிச் செல்கிறது. அதற்கு இறக்கை கிடையாது; பாராசூட்டில் கடலில் இறங்கும். ஆபத்து நேர்ந்தால் ராக்கெட்டிலிருந்து பிரிந்து தப்பவும் வழியுண்டு. அதையும் பழுதுபார்த்தே மறுபடி அனுப்புகிறார்கள். பத்துமுறை பத்திரமாகத் திரும்பிய கலமானாலும், பதினோராவது முறைக்கும் அதே சோதனை வேண்டும். பதினான்கு பேர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் இது.